மானிட்டர் மேல் போட்ட பழி

எங்கள் பக்கத்தில் கலர் என்றால் நிறம் இல்லை, வெளுப்பு. "பொண்ணு நல்ல கலர்" என்று தரகர் சொன்னால், பச்சையா ஊதாவா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. "கலர் கொஞ்சம் கம்மி" என்றால் கறுப்பு. இது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும், ஏனென்றால் இருபது வருடமாக என் பிழைப்பே அந்தச் சொல்லை வைத்துத்தான் ஓடுகிறது.

நான் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவள். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில், ரயில்வே கேட் மூடினால் மொத்த ஊரும் நின்றுபோகிற ஒரு சின்ன ஊர். வீட்டின் முன்னறைதான் கடை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று தொட்டிலில் தொடங்கிச் சுடுகாடு வரை எல்லா நிறுத்தத்திலும் எனக்கு வேலை உண்டு. எல்லா நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் சொல்வதும் ஒன்றேதான்.

"அக்கா, கொஞ்சம் கலரா போட்டுடுங்க."

போட்டேன். அதற்கென்று ஒரு கணக்கே வைத்திருந்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு சுற்று, பெண்ணுக்கு இரண்டு சுற்று, பேனர் செலவை ஏற்றுக்கொள்கிற தாய்மாமனுக்கு அவர் வாயால் போதும் என்று சொல்கிற வரைக்கும். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வந்த மகன், "அப்பாவையும் கொஞ்சம்..." என்று இழுத்தார். அப்பா வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்று வயல் வேலை பார்த்தவர். நான் தயங்காமல் இரண்டு சுற்று விட்டேன். பேனர் தெருமுனையில் ஏறியதும் செத்தவருடைய சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இல்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பேனர் வேலை இல்லாத நேரத்தில் படம் வரைவேன். மடையில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, அறுவடை மிஷினுக்குப் பின்னால் ஓடுகிற மைனாக்கள், கேட் திறக்கக் காத்திருக்கும் பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்குகிறவர்கள். வரைந்ததைப் போனில் போட்டு வைப்பேன். பத்துப் பேர் பார்ப்பார்கள், அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள். ஏழாவது ஆளாக ஒரு நாள் சென்னையில் இருந்து ஒரு எடிட்டர் அம்மா பேசினார். குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடுகிறார்களாம். என் மைனாக்களைப் பிடித்துவிட்டதாம்.

கதையை அனுப்பினார். நடவு நட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு ஒரு சின்னப் பெண் தூக்குவாளியில் டீ கொண்டுபோகிறாள். வரப்பு வழுக்குகிறது, நண்டு குறுக்கே நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிடுகிறது. டீ சிந்தாமல் போய்ச் சேர்ந்தாளா என்பதுதான் கதை. அந்தப் பெண் நல்ல கறுப்பு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இருபத்து நாலு பக்கம், முதலில் மூன்று பக்கம் மாதிரிக்கு வரைந்து அனுப்ப வேண்டும், சரியாக இருந்தால் புத்தகம் எனக்கு.

"அட்டையில உங்க பேரு வரும்ங்க" என்றார் எடிட்டர்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதுவரை என் பேர் வந்ததெல்லாம் போஸ்டரின் வலது கீழ் மூலையில், போன் நம்பருக்குப் பக்கத்தில், ஆடு முதலில் கடிக்கிற இடத்தில். அட்டையில் பேர் என்றதும் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். இந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். அதற்கு முன்னால் எதையும் நான் அப்படி விரும்பியதாக நினைவில்லை.

மூன்று பக்கத்தையும் ஆசை ஆசையாக வரைந்து அனுப்பினேன். நாலாம் நாள் போன்.

"வரைஞ்சது ரொம்ப நல்லா இருக்கு மேடம். கலர்தான் சரியில்ல. பொண்ணு லீவுக்கு டவுன்ல இருந்து வந்தவ மாதிரி இருக்கா. கொஞ்சம் பாத்துட்டு மறுபடி அனுப்புறீங்களா?"

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். இது வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். ஆனால் எடிட்டர் மேல் கோபப்பட முடியாது, என் மேல் கோபப்படும் வழக்கம் எனக்கு இல்லை. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர். கலர் சரியில்லை என்றால் கலர் காட்டுகிற பொருள் சரியில்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அதற்கேற்றாற்போல் அது கிழடுதான். பன்னிரண்டு வயது. காலையில் ஆன் செய்துவிட்டு உலை வைத்தால், சோறு வடிக்கும் நேரத்துக்கு எழுந்து உட்காரும். மானிட்டரின் இடது ஓரம் எப்போதும் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். நடுவில் ஒரு கோடு வரும், தலையில் ஒரு தட்டு தட்டினால் போய்விடும். பெரிய பேனர் ஃபைலைத் திறந்தால் மின்விசிறி போடும் சத்தத்தில் தெருவில் நாய் குரைக்கும்.

"இந்த மானிட்டர்தான் என் பொழப்பைக் கெடுக்குது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் ரைஸ் மில்லில் மெக்கானிக். உலகத்தில் எது நடந்தாலும் "எங்க மில்லுல" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். கல்யாணமான புதிதில் நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோதுகூட, "எங்க மில்லுல பெல்ட் இப்படித்தான் அப்பப்ப கழண்டுக்கும்" என்று என் அப்பாவிடம் சமாதானம் பேசிய மனிதர்.

"எங்க மில்லுல" என்று தொடங்கினார், "மிஷின் கோளாறுன்னு சொல்றதுக்கு முன்னாடி..."

"இது மில்லு இல்ல."

"சரி" என்றார். மறு வாரம் இரண்டு பேரும் தஞ்சாவூர் போனோம்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். முதல் கேள்வியாக "கேமிங்கா, எடிட்டிங்கா?" என்றார். நான் "நடவு" என்றேன். அவர் விழித்தார். படப் புத்தகம் என்று விளக்கியதும் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நல்ல பிராசசர், முப்பத்திரண்டு ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி., கிராஃபிக்ஸ் கார்டு, இருபத்தேழு இஞ்சு மானிட்டர், வரைவதற்குப் பேனாவோடு ஒரு டேப்லெட், எல்லாவற்றையும் தாங்க ஒரு யு.பி.எஸ். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் வீட்டுக்காரருக்குப் பவர் சப்ளையைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லை.

"எத்தனை வாட்ஸ்?"

"அறுநூத்தம்பதுண்ணே."

"முக்கால் எச்பிக்கு மேல வருது. இது கம்ப்யூட்டரா, போர்செட்டா?"

கேபினெட்டில் எரியும் விளக்குகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி ஓடியது. விளக்கால் படத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று கடைக்காரரே சொன்னார். "இருக்கட்டும், கரண்ட் வருதான்னு தெரிஞ்சிக்கலாம்ல" என்று விளக்கு வைத்ததையே வாங்கினார்.

கிளம்பும்போது கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். கலர் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர்கள் வாங்குகிற கருவியாம். மெதுவடை அளவு, மெதுவடை மாதிரியே நடுவில் ஒரு வட்டம். அந்த வட்டம்தான் அதன் கண். அதை மானிட்டர் மேல் கவிழ்த்துத் தொங்கவிட்டால், திரையில் வரும் சிவப்பு சரியான சிவப்புதானா, பச்சை சரியான பச்சைதானா என்று பார்த்து, தப்பாக இருந்தால் மானிட்டரைத் தானே திருத்திவிடுமாம். எனக்கு எதிராக மானிட்டர் செய்துவந்த சதிக்கு நேரில் கண்ட சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது. வாங்காமல் விடுவேனா?

கேபினெட்டும் மற்றதும் மறுநாள் மில் வண்டியில் வந்தன. மானிட்டரை மட்டும் நான் யாரையும் நம்பாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மடியில் என்றால், மடி, பக்கத்து சீட்டு, நடைபாதையில் பாதி.

"என்னம்மா அது, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"மானிட்டர்ங்க."

"டிவிதானே?"

"இல்லங்க."

"அப்ப லக்கேஜ்" என்று கிழித்துக் கொடுத்தார். டிவியாக இருந்தாலும் லக்கேஜ்தான். அப்புறம் எதற்குக் கேட்டார் என்று கேட் மூடியிருந்த அரைமணி நேரமும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினோம். புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் தொடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சட்னி அரைக்கும் மிக்ஸி வந்தாலும் வைப்போம், இரண்டாம் கை ஸ்கூட்டர் வந்தாலும் வைப்போம். சந்தனம் தீர்ந்திருந்ததால் மஞ்சளைக் குழைத்தேன். கேபினெட், யு.பி.எஸ்., கீபோர்டு, மவுஸ், பேனா, மானிட்டரின் நான்கு மூலை என்று ஒன்று விடாமல் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி வாசலில் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் கேபினெட் கோயில் திருவிழா மாதிரி எரிந்தது. சோறு வடிக்கும் வரை எல்லாம் காத்திருக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் எழுந்துவிட்டது.

பிறகு அந்த மெதுவடையை எடுத்து, முந்தானையால் சுத்தமாக ஒரு துடை துடைத்து, மானிட்டர் மேல் தொங்கவிட்டேன். திரை சிவப்பானது, பச்சையானது, நீலமானது, சாம்பலானது. பத்து நிமிடம் இப்படி ஓடி, எல்லாம் முடிந்தது, இப்போது உங்கள் கலர் சரியான கலர் என்று அறிவிப்பு வந்தது.

மாதிரிப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. நாற்று நீலம் தட்டிய பச்சை, வானம் ஏதோ நீலப் பெயிண்ட் அடித்தது போல. பெண் கொஞ்சம் மங்கலாக, விறைத்துப்போனவள் மாதிரி நின்றாள். ஆனால் எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே, பழைய மானிட்டர் இத்தனை வருடம் இந்த நீலத்தை என் கண்ணில் காட்டாமல் மறைத்திருக்கிறது! பெண் இருட்டாகத்தான் இருக்கிறாள், நீலத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மூன்று பக்கத்துக்கும் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நீலம் போய் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது. வெற்றியோடு அனுப்பினேன்.

எடிட்டர் அன்று மாலையே கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. பொண்ணுக்கு உடம்பு ஏதும் சரியில்லாத மாதிரி நாங்க கதையில எழுதல."

"என்னங்க சொல்றீங்க?"

"மஞ்சக் காமாலை வந்தவ மாதிரி இருக்கா. நண்டுக்கும் இருக்கு."

அப்புறம் ஒரு கெடு வைத்தார். வரும் திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கலாம், அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது, அதன் பிறகு வேறு ஒரு ஆர்ட்டிஸ்ட்டைக் கேட்க வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் என்னால் கத்தவும் முடியவில்லை.

இதில் வேடிக்கை, அதே வாரம் அதே கம்ப்யூட்டரில் செய்த மஞ்சள் நீராட்டு பேனர் ஓஹோ என்று போனது. தாய்மாமன் நேரில் வந்தார். "அக்கா, இத்தனை நாள் போட்டீங்களே, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. இதுதான் பேனர். நலங்கு வச்ச மாதிரி புள்ள முகம் மங்களகரமா இருக்கு" என்று சொல்லி, இன்னும் இரண்டு பேனர் அடிக்கச் சொன்னார். ஊரே புகழ்கிறது, சென்னையில் மட்டும் காமாலை என்கிறார்கள். இப்போது எடிட்டரின் மானிட்டர் மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அதை நான் போய் மாற்ற முடியாது.

அடுத்த மூன்று நாளும் நான் பழி போடாத ஆள் இல்லை. முதலில் கடைக்காரர். "அக்கா, கேபிளைக் கழட்டி மறுபடி மாட்டிப் பாருங்க" என்றார். மாட்டிப் பார்த்தேன். மாறவில்லை. அவரைச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றிரண்டு சொன்னேன். அடுத்தது வோல்டேஜ். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியிருந்த சமயம் அது. ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் சேர்ந்து என் கரண்டைக் குடிக்கின்றன என்றேன். வீட்டுக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார், இருநூற்று இருபத்தெட்டு. பிறகு எர்த் சரியில்லை என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கொல்லையில் எர்த் குழிக்கு உப்பைப் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து, "என்ன, தென்னங்கன்னு ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று விசாரித்தார். ஒரு பெண்ணின் காமாலைக்கு வைத்தியம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் முன்னறைச் சுவரே காரணம் என்று கண்டுபிடித்தேன். சுவர் பச்சை, அதன் வெளிச்சம் திரையில் விழுகிறது, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கிவர அவரை விரட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர், மேசைக்குப் பக்கத்தில் நின்று அந்த மெதுவடையைக் கையில் எடுத்தார்.

"இது என்ன பண்ணும்னு சொன்ன?"

"கலரைப் பாத்து, சரியா தப்பான்னு சொல்லும்."

"எங்க மில்லுல..."

"சுண்ணாம்பு!" என்றேன்.

"கொஞ்சம் கேளேன். எங்க மில்லுல கலர் சார்ட்டர்னு ஒரு மிஷின் இருக்கு. அரிசி கொட்டிக்கிட்டே இருக்கும், கேமரா ஒவ்வொரு மணியா பாக்கும். கறுப்பு மணி, பழுப்பு மணி வந்தா காத்து அடிச்சு வெளிய தள்ளிடும். அதுல கண்ணாடியில தவுடு படிஞ்சிடுச்சுன்னு வையி, நல்ல அரிசியையும் தப்புன்னு தள்ளிடும். அரிசி மேல குத்தம் இருக்காது. கண்ணுலதான் அழுக்கு."

சொல்லிக்கொண்டே அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவட்டத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி, நகத்தை மோந்து பார்த்தார்.

"இது மஞ்சள் வாசனையா இருக்கே" என்றார்.

ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த வடைக்கும் வைத்தேன். நெற்றி மாதிரி இருந்த இடம் அது ஒன்றுதான், நட்ட நடுவில் வைத்தேன். பிறகு முந்தானையால் துடைத்து, பொட்டாக இருந்ததை வட்டம் முழுக்க மெல்லிசாகப் பூசியும் வைத்திருக்கிறேன். பாவம், அந்தக் கண்ணுக்கு உலகமே மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. திரை இவ்வளவு மஞ்சளா என்று பதறி, அது நீலத்தைக் கூட்டியிருக்கிறது. திரை இவ்வளவு நீலமா என்று பதறி, நான் மஞ்சளைக் கூட்டியிருக்கிறேன். நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் அந்தப் பெண்.

"பூசுனது யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"நான்தான்."

"அப்புறம் அந்தக் கடைக்காரரை ஏன் அந்தத் திட்டு திட்டுன?"

அவரிடம் மன்னிப்புக் கேட்க உடனே போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. என் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டிருந்தால் அவர் மேல் தப்பே இல்லை.

வீட்டுக்காரர் மில்லுக்குப் போய், கேமரா துடைக்கிற மெல்லிய துணியும் மருந்தும் கொண்டுவந்தார். பதினைந்து நிமிடம், குழந்தைக்குக் கண்ணில் மை எடுப்பது போலத் துடைத்தார். மறுபடி தொங்கவிட்டோம். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல். இந்த முறை திரையில் நீலம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால் எப்படி இருந்ததோ அப்படியே உள்ளேயும் நாற்று இருந்தது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இருபது நாள் நாத்து" என்று வயது சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி என்ன, மஞ்சளை எடுத்துவிட்டு முதலில் அனுப்பிய பக்கங்களையே திறந்தால் போதும், பெண் சரியாக இருப்பாள்.

திறந்தேன். அவள் வெள்ளையாக இருந்தாள்.

கொஞ்சம் வெளுப்பு என்றெல்லாம் இல்லை. சேற்றில் நிற்கிற பிள்ளை, தலையில் வெயில், முகம் மட்டும் குழந்தைகள் பவுடர் விளம்பரத்தில் வருவது. எடிட்டர் சொன்ன அதே டவுன் பெண். இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. மூலையில் கிடந்த பழைய மானிட்டரை எடுத்துவந்து பக்கத்தில் மாட்டினேன். தட்டி எழுப்பினேன். அதிலும் வெள்ளைதான். கத்திரிப்பூ ஓரத்தைத் தவிர்த்துப் பார்த்தால் இரண்டு மானிட்டரும் ஒரே பெண்ணைத்தான் காட்டின. அந்தக் கிழடு இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போதும் நான் விடவில்லை. எங்கோ ஒரு பட்டன் தப்பாக இருக்கும் என்று தேடிக்கொண்டே போனதில், நிறங்களைச் சேமித்து வைக்கும் என் பெட்டியைத் திறந்தேன். இருபது வருடமாக ஒவ்வொரு கம்ப்யூட்டராக மாற்றிக் கூடவே கொண்டுவந்த பெட்டி. முகத்துக்கு என்று தனி வரிசை. ஒவ்வொன்றுக்கும் நான் பேர் கொடுத்திருந்தேன். ரொம்ப கலர், நல்ல கலர், கலர், மாநிறம். மாநிறத்தோடு வரிசை முடிந்தது. அந்த மாநிறம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இல்லாத வெளுப்பு. கறுப்பு என்று ஒன்று இருந்தது, அது முடிக்கு.

யாரும் சொல்லாமலே நான் அந்தப் பெண்ணுக்கு இரண்டு சுற்று விட்டிருக்கிறேன். "கொஞ்சம் கலரா" என்று கேட்க அங்கே தாய்மாமன்கூட இல்லை. கதையில் கறுப்பு என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, கை தன் பாட்டுக்கு மாநிறத்தைத் தொட்டிருக்கிறது. எனக்கு என் மேல் கோபப்படும் வழக்கம் இல்லை என்று சொன்னேன். அன்றைக்குப் பட்டேன். முகம் எரிந்தது.

வீட்டுக்காரர் சுண்ணாம்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, டீ போடப் போய்விட்டார்.

புது நிறம் கலக்க ஆரம்பித்தேன். பேனாவைக் கொஞ்சம் கீழே இழுத்தால் கை தானாக மேலே வந்தது. கறுப்பு கூடக்கூட அழுக்காக்குகிறோமோ என்று ஒரு பயம். அப்புறம்தான் தெரிந்தது, கறுப்பில் அழுக்கு இல்லை, அதில் சிவப்பு இருக்கிறது, கன்னத்து மேட்டில் கொஞ்சம் ஊதா இருக்கிறது, வெயில் படுகிற இடத்தில் பளபளப்பு இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் இந்த நுணுக்கம் தெரிந்திருக்காது. இதற்காவது நான் வாங்கியது நல்லதாகப் போயிற்று என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பெண் வந்துவிட்டாள். வரப்பில் நின்று, தூக்குவாளியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு அழகாக இருந்தாள். அந்த நிறத்தைச் சேமிக்கப் போனபோது பேர் கேட்டது. என்ன வைப்பது என்று தெரியாமல் "புதுசு" என்று வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அனுப்பினேன். மத்தியானம் எடிட்டர் கூப்பிட்டார். நான் கை கழுவாமலே எடுத்தேன்.

"இவதாங்க மேடம். இவளைத்தான் கேட்டேன்" என்றார். "புக்கு உங்களுக்குத்தான். மத்தப் பக்கத்தையும் ஆரம்பிச்சுடுங்க."

சோற்றுக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் கதவோரம் நின்று என்ன என்ன என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் எடிட்டர். "மூணாவது பக்கத்துல அம்மா வர்றாங்கல்ல, கையில நாத்து முடியோட நிமிர்ந்து பாக்குறாங்க. பொண்ணு இவ்ளோ நல்லா வந்துட்டா. அம்மா மட்டும் ஏன் இன்னும் வெளுப்பா இருக்காங்க?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். ஆமாம், அம்மா வெளுப்பு. பெண்ணை மாற்றிய அந்த ஒரு மணி நேரமும் அவள் அதே பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். என் கண்ணில் படவே இல்லை.

அந்த முகத்துக்கு மாடலாக யாரும் கிடைக்காததால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லையில் குனிந்து நிமிர்ந்து, நான் என்னையே போனில் எடுத்து அதைப் பார்த்து வரைந்திருந்தேன்.

"மாத்திடுறேங்க" என்றேன். பெண்ணை மாற்ற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவை மாற்ற நான்கு நாள் ஆனது.